கோட்டிங் காக்காத கூரை

புதுக் காருக்கு டெலிவரி தேதி குறிக்கும்போதே செராமிக் கோட்டிங்குக்கும் தேதி குறித்துவிட வேண்டும் என்பது இன்று கார் வாங்குகிற பலரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட சடங்காகிவிட்டது. காரின் விலை கூடக் கூட அந்தச் சடங்கின் செலவும் கூடுகிறது. மினி கூப்பர் கன்வர்டிபிள், பிஎம்டபிள்யூ இஸட்4, போர்ஷே 718 பாக்ஸ்டர் என்று கூரை மடங்கும் கார் வாங்குகிறவர் என்றால் சொல்லவே வேண்டாம். "சார், ஒரு தடவை கோட்டிங் போட்டுட்டா அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம். தண்ணி ஊத்தினா போதும், அழுக்கு தானா ஓடிடும்" என்கிறார் விற்பனையாளர். நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். இணையத்தில் வீடியோ போடுகிறவர்களும் பானெட்டின் மேல் முத்து முத்தாக உருளும் நீர்த்துளிகளைக் காட்டி அதையே சொல்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. பாதி தவறு, பாதி சரி என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. துணிக் கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் காரைப் பொறுத்தவரை இது காருக்குக் கெடுதலே செய்கிறது. பணம் வீணாவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "பாதுகாத்தாகிவிட்டது" என்ற நிம்மதியை உரிமையாளருக்குக் கொடுத்து, கூரையையும் ரப்பர் பட்டைகளையும் மழைநீர் வடியும் துளைகளையும் அவர் மறந்துபோகும்படி செய்துவிடுகிறதே, அதுதான் பெரிய கேடு. இப்படிப்பட்ட காரின் ஆயுளைத் தீர்மானிப்பவை அவைதாம்.

வாதம் பெயின்டில்தான் தொடங்குகிறது என்பதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். தொழிற்சாலையில் துருத்தடுப்புப் பூச்சு, ப்ரைமர், நிறம், கடைசியாக நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காகப் பூசி, ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸில் சுட்டு எடுக்கிறார்கள். கிளியர் கோட்டின் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். அதன்மேல் நாம் பெரும் பணம் கொடுத்துப் பூசும் செராமிக் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரானுக்கு மேல் தேறாது. முன்னால் போகும் லாரியின் சக்கரம் தெறித்துவிடும் சரளைக்கல் இதன்மேல் விழும்போது, கோட்டிங் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் '9எச்' என்ற அளவைப் பார்த்து மயங்காதவர்கள் குறைவு. வைரம் 10, கோட்டிங் 9 என்றே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வைரத்துக்கு 10 தருவது மோஸ் என்ற கனிமவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல். 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடை அழுத்தத்தோடு பூச்சின்மேல் தள்ளிப் பார்க்கும் சோதனை அது. ஓவியர்கள் பயன்படுத்தும் பென்சில்களில் இருக்கும் அதே வரிசைதான் இது. 9எச் பென்சிலின் முனை கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. அதைத் தாங்கும் பூச்சு மணலைத் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நம் தெருப்புழுதியில் இருப்பதோ குவார்ட்ஸ் மணல். மோஸ் அளவில் அதன் கடினம் 7. உலர்ந்த துணியால் அந்தப் புழுதியைத் தேய்த்தால் கீறல் விழும், கோட்டிங் போட்ட காரிலும் விழும். இதைத் தெரிந்துகொண்டே '9எச்' என்று அச்சிட்டு விற்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

இன்னொன்றையும் விற்கிறவர் சொல்வதில்லை. கோட்டிங் பூசுவதற்கு முன் பெயின்டை இயந்திரத்தால் பாலிஷ் செய்தாக வேண்டும். ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டிலிருந்து கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் பளபளப்பைத் தருகிறது. புத்தம் புதுக் காருக்கு எதற்குப் பாலிஷ் என்று கேட்டால், யார்டில் நின்ற தூசியை அழுக்குத் துணியால் அவசரமாகத் துடைத்ததில் விழுந்த வட்டக் கீறல்களைப் போக்குவதற்கு என்பார்கள். அதாவது முதல் சேதம் டெலிவரிக்கு முன்பே நடந்துவிடுகிறது; அதைச் சரிசெய்யும் செலவு 'பாதுகாப்பு' என்ற பெயரில் நம் கணக்கில் ஏறுகிறது. இதைத் தவிர்க்க ஒரு வாக்கியம் போதும்: "வண்டியைக் கழுவாமல், ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உரிக்காமல் அப்படியே கொடுங்கள், நான் கழுவிக்கொள்கிறேன்." முன்பதிவு செய்யும்போதே இதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

புதுப் பெயின்ட் 'மூச்சுவிட' வேண்டும், மூன்று மாதம் மெழுகு படக்கூடாது என்று எதிர்த்திசையிலும் ஒரு பழைய நம்பிக்கை சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒர்க் ஷாப்பில் சுமார் 60 டிகிரியில் உலர்த்திய மறுபூச்சுக்குத்தான் அது பொருந்தும். தொழிற்சாலைப் பெயின்ட் முற்றிலும் இறுகித்தான் வெளியே வருகிறது. முதல் நாளே நல்ல மெழுகோ சீலன்டோ பூசலாம்.

கோட்டிங்கால் பயனே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. அழுக்கு எளிதாக விலகும், மெழுகைப் போல அடிக்கடி பூச வேண்டியதில்லை, சில ரசாயனங்களைக் கூடுதலாகத் தாங்கும். கழுவத் தெரிந்தவருக்கு அது ஒரு வசதி. கழுவத் தெரியாதவரை அது காப்பாற்றாது. "திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்ற சொல்லை நம்பியவரையோ கைவிட்டே தீரும். செலவழித்தே ஆக வேண்டும் என்றால் முன் பம்பருக்கும் பானெட்டின் முன்விளிம்புக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் மட்டும் பிபிஎஃப் ஒட்டலாம் என்பேன். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள அந்த பாலியூரித்தேன் படலம் கல்லடியை உண்மையாகவே வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த மூக்குள்ள காருக்கு அது தேவையும்கூட.

கோட்டிங் உத்தரவாதத் தாளை ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். பலவற்றில் கல்லடி சேராது, பறவை எச்சம் சேராது, நீர்க்கறை சேராது, ஆண்டுதோறும் அவர்களிடமே பராமரிப்புக்குக் கொண்டுவராவிட்டால் உத்தரவாதமே செல்லாது. எவற்றுக்குப் பயந்து கோட்டிங் போட்டோமோ அவையே விதிவிலக்குப் பட்டியலில் இருக்கின்றன.

அந்த நீர்க்கறை தனியாகப் பேச வேண்டிய விஷயம். விளம்பரத்தில் அழகாகத் தெரியும் முத்துத் துளிகள், சென்னை வெயிலில் சூடான பானெட்டின்மேல் அப்படியே உலரும்போது, தம்மிடமிருந்த சுண்ணாம்பையும் மற்ற உப்புகளையும் சிறு வட்டங்களாக விட்டுச்செல்கின்றன. நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் அந்த உப்புக்குக் குறைவில்லை. "தண்ணி ஊத்தினா போதும்" என்று நம்பி, ஊற்றிவிட்டுத் துடைக்காமல் விட்டவரின் காரில் பெயின்ட் முழுக்க வெள்ளைப் பொட்டுகள்தாம் மிஞ்சும். நீரை வீணாக்காமல் ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரில் காரைக் கழுவலாம் என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களுக்கும் என் பதில் இதுதான்: அந்த நீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கிறது, அது தரை கழுவ உதவும், கார் கழுவ உதவாது. அதற்குப் பதிலாக ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்துவையுங்கள். அதில் உப்பு இல்லை என்றே சொல்லலாம். 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு உங்கள் வீட்டில் தொட்டியோடு இருந்தால் இன்னும் நல்லது. கடைசி அலசலுக்கு அந்த இரண்டில் ஒன்று போதும். அலசியதும் தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

கழுவும் முறை பெரிய வித்தையல்ல. நிழலில், உடல் ஆறிய பிறகு, முதலில் வெறும் நீரால் புழுதியை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் அலசும் நீர். மேலிருந்து கீழாக, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை இரண்டாவது வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். சக்கரங்களுக்கு வேறு துணி. பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், அது இருக்கிற மெழுகையும் எடுத்துவிடும்.

கீறல்களில் பெரும்பங்கு வருவது தினசரித் துடைப்பால். அடுக்ககங்களில் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரோடு வரிசையாகப் பத்துக் கார்களைத் துடைத்துவிட்டுப் போகிறவரை அதற்குக் குறை சொல்வது அநியாயம். ஒரு வாளி நீரும் ஒரே துணியும் கொடுத்து, மாதச் சம்பளத்தைச் சில நூறு ரூபாயில் முடித்துக்கொண்டு, கார் தினமும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்பது நாம். கோட்டிங்குக்குப் பல பத்தாயிரங்கள் தருகிறவர், அவரிடம் "தினமும் வேண்டாம், வாரம் ஒருநாள் போதும், இந்த இரண்டு வாளியும் இந்தத் துணிகளும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, இப்போதைய சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கொடுத்தால் கார் கோட்டிங் இல்லாமலே அழகாக இருக்கும்.

பெயின்டைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். ஆனால் கூரை மடங்கும் கார்களின் வரலாற்றைப் பார்த்தால், அவை பெயின்டால் செத்ததாகத் தெரியவில்லை. தேங்கிய நீரால்தான் செத்திருக்கின்றன.

1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மாஸ்டா அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 உலகில் மிக அதிகம் விற்ற இரண்டிருக்கைத் திறந்த கார். பிரிட்டனில் பழைய எம்எக்ஸ்-5 வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் சில் பகுதியை. கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால், பெல்ட் கோபுரங்களின் அருகே இரு பக்கமும் இருக்கும் துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, காருக்கு அடியில் வெளியேற வேண்டும். இலையும் மண்ணும் அந்தத் துளையை அடைத்துவிட்டால் நீர் சில்லுக்குள் தேங்குகிறது. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு வெளியிலிருந்து அரிக்க, தேங்கிய நீர் உள்ளிருந்து அரிக்கிறது. வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு போயே போயிருக்கும். அந்தக் காரின் பானெட்டில் எத்தனை அடுக்கு மெழுகு இருந்தால் என்ன?

1996இல் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டரில் கதை வேறு. துளைகள் அடைத்தால் நீர் இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பில் சேர்ந்தது. அங்கேதான் அலாரத்தையும் இம்மொபிலைசரையும் கதவுப் பூட்டையும் ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. அது நனைந்தால் சாவி வேலை செய்யாது, கார் கிளம்பாது. 2002 முதல் 2008 வரை தயாரான முதல் இஸட்4இல் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்பின் மோட்டாரே வடிகாலை ஒட்டிய தாழ்வான குழியில் வைக்கப்பட்டிருந்தது. வடிகால் அடைத்ததும் மோட்டார் மூழ்கியது, கூரை நின்றுபோனது. பலர் அந்த மோட்டாரை டிக்கிக்குள் இடம் மாற்றிக்கொண்டார்கள். மூன்று கார்களிலும் காரணம் ஒன்றே, ஒரு பிடி சருகு.

எல்லாக் கன்வர்டிபிளிலும் வடிகால் இருக்கிறது, இன்று வாங்குகிற புதுக் காரிலும் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கும் உரிமையாளர் அரிது, ஏனென்றால் ஷோரூமில் யாரும் அதைக் காட்டுவதில்லை. காட்டினால் விற்க ஒன்றுமில்லை. நம் ஊரில் இது இன்னும் முக்கியம். சென்னைத் தெருக்களின் நிழல் பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரமும் இயல்வாகையும் தருவது. இரண்டின் சிற்றிலைகளும் சிறியவை. வடிகால் துளைக்கு அளவெடுத்துச் செய்தவை போலப் போய் அடைத்துக்கொள்ளும். இயல்வாகை மஞ்சள் பூவையும் சேர்த்துக் கொட்டும். நிழலில் நிறுத்துவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெயில் துணியையும் தோல் இருக்கையையும் கெடுக்கும் என்பதும் உண்மைதான். நிழலில் நிறுத்துகிறவர் மாதம் ஒருமுறை கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சேர்ந்த சருகைக் கையால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். துளைக்குள் வளையும் நைலான் கயிற்றை மெதுவாக விட்டுப் பார்க்கலாம். கம்பி விடக்கூடாது, குழாய் கிழியும். காற்றழுத்தம் அடிக்கக்கூடாது, குழாய் உள்ளேயே கழன்றுவிடும்.

அடுத்தது கூரைத் துணி. வெளியே நெய்த அக்ரிலிக், நடுவே நீர் புகாத ரப்பர், உள்ளே மெல்லிய துணி என்று மூன்று அடுக்கு சேர்ந்தது அது. நடு அடுக்கு இருக்கும்வரை மழை உள்ளே வராது. ஆனால் மேல் நெசவு நீரை உறிஞ்சத் தொடங்கிவிட்டால் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், பாசியும் பூஞ்சையும் அதில் குடியேறும். பெயின்டுக்குப் போடும் கோட்டிங் இங்கே உதவாது. துணிக்கென்றே உள்ள நீர்விலக்கித் திரவத்தை, சுத்தமான உலர்ந்த துணியின்மேல், கண்ணாடியையும் பெயின்டையும் மூடிக்கொண்டு தெளிக்க வேண்டும். நீர் துளியாக நிற்காமல் துணிக்குள் இறங்கத் தொடங்கும்போது மறுபடி தெளிக்க வேண்டும். டாஷ்போர்டுக்குப் போடும் சிலிக்கான் பாலிஷைக் கூரையில் தேய்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது புழுதியை ஒட்டவைக்கும். வினைல் கூரை என்றால் மருந்து வேறு, அதற்கு வெயிலைத் தடுக்கும் பூச்சு வேண்டும்.

கழுவும்போது முதலில் உலர்ந்த புழுதியை மென்மையான தூரிகையாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்துவிட வேண்டும். பிறகு மென்மையான சோப்பு நீர், நெசவின் போக்கிலேயே தூரிகை, சோப்பு முழுக்கப் போகும்வரை அலசல். சோப்பு மிஞ்சினால் நீர்விலக்கி ஒட்டாது. வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் நீரைத் தையலுக்கு அருகே பிடிக்க விடாதீர்கள், சுழலும் பிரஷ் இயந்திரத்துக்குள் விடவே வேண்டாம். ஈரக் கூரையை மடக்கி வைக்கக்கூடாது. வேறு வழியின்றி மடக்க நேர்ந்தால் வீடு சேர்ந்ததும் விரித்துக் காயவிட வேண்டும். கதவு, கூரை விளிம்பு ரப்பர்களுக்கு ரப்பருக்கான சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசினால் அவை காயாமலும் கிறீச்சிடாமலும் இருக்கும்.

பழைய உரிமையாளர்களுக்கு இந்தப் பழக்கங்கள் ரத்தத்தில் இருந்தன. முதல் எம்எக்ஸ்-5இலும் தொடக்க கால பாக்ஸ்டரிலும் பின் ஜன்னல் பிளாஸ்டிக். பாக்ஸ்டர்காரர்கள் கூரையைப் பாதியில் நிறுத்தி, இறங்கி வந்து, பிளாஸ்டிக்கின் நடுவில் கைவிளிம்பால் மெல்லத் தட்டி ஒழுங்காக மடியவைத்துவிட்டு மீதியை இறக்குவார்கள். அந்த ஜன்னல்களை நெடுநாள் கீறலின்றி வைத்திருந்தது அந்தச் சில நொடிப் பொறுமை. பிறகு இரு கார்களிலும் கண்ணாடி வந்துவிட்டது, ஆனால் பொறுமையை யாரும் மாற்றாகப் பொருத்தித் தரவில்லை.

பூஜையைப் பற்றியும் ஒரு வார்த்தை, மனம் புண்படாமல். புதுக் காருக்குப் பூஜை போடுவது நம் வழக்கம், அது நடக்கட்டும். சந்தனமும் குங்குமமும் முன்கண்ணாடியில் இடட்டும். துணிக் கூரையில் மஞ்சள் பட்டால் அந்தக் கறையை எடுப்பது பெரும்பாடு. பானெட்டில் காய்ந்த சந்தனத்தை வெறுங்கையால் தேய்த்தால் கோடு விழும். மாலையின் கம்பி பெயின்டில் உரசாமல் கட்டச் சொல்லுங்கள்.

கோட்டிங்காரர்களுக்கு நேரெதிராகத் தெரிந்தாலும் அதே தவறைச் செய்கிற இன்னொரு கூட்டம் உண்டு. "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை வெளியில் எடுக்காதே, கூரையைத் திறக்காதே, உறை போட்டு மூடு" என்பவர்கள். புழுதி படிந்த காரின்மேல் உறையை இழுத்துப் போட்டால் அதுவே உப்புத்தாள். ஈரக் காரை மூடினால் பூஞ்சைக்கு வீடு. மாதக்கணக்கில் திறக்காத கூரையின் ரப்பர் ஒட்டிக்கொள்கிறது, பேட்டரி இறங்குகிறது, டயர் நின்ற இடத்தில் தட்டையாகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஞாயிறு காலையில் கூரையைத் திறந்து ஓட்டுங்கள், அதற்காகத்தானே வாங்கினீர்கள். திரும்பி வந்ததும் உப்புக்காற்றுப் பட்ட உடலையும் அடிப்பாகத்தையும் நல்ல நீரால் அலசிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் உட்கார்ந்து, கையேட்டில் வடிகால் துளைகளின் இடத்தைப் பார்த்து, இருபுறமும் ஒரு டம்ளர் நீரை மெதுவாக ஊற்றுங்கள். காருக்கு அடியில் அந்தப் பக்கத்திலேயே நீர் ஒழுக வேண்டும். தயங்கித் தயங்கிச் சொட்டினாலோ, ஒரு பக்கம் மட்டும் வந்தாலோ, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கே சர்வீஸுக்குப் போன் செய்து, கழுவுவதற்கோ பாலிஷுக்கோ அல்ல, வடிகாலைத் திறந்து சுத்தம் செய்வதற்கென்று சொல்லி நேரம் வாங்குங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, குழாய் எங்கே போய் முடிகிறது என்று காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.